வெட்டுக்காயத்தில் இரத்தம் நிற்காவிட்டால்: டூர்னிக்கெட் பற்றிச் செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் முதலுதவி வகுப்பு என்று உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கையோ காலோ வெட்டுப்பட்டு இரத்தம் கொட்டுகிறது, மருத்துவமனை போய்ச் சேரும்வரை ஆளைக் காப்பாற்றி வைக்க வேண்டும். அது மட்டும்தான் விஷயம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டூர்னிக்கெட் என்ற இறுக்குப் பட்டையைக் கட்டினால் இரத்தம் நிற்கிற அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த அளவு இறுக்கம் தேவைப்படாத காயத்துக்குக் கட்டவே வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு அரைகுறைக் கட்டு.

டூர்னிக்கெட் என்றால் இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுவார்களே, அந்த ரப்பரா?

பெயர் அதேதான், வேலை வேறு. லேபில் கட்டும் ரப்பர் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் சிரையை மட்டும் அமுக்கும். உள்ளே ஆழத்தில் ஓடும் தமனி வழியாக இரத்தம் கைக்குள் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போக வழியிருக்காது. அதனால்தான் சிரை (பேச்சில் நரம்பு என்போமே, அது) புடைத்துத் தெரிகிறது. வெட்டுப்பட்ட கையில் அதே ரப்பரைக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே வருவதெல்லாம் காயம் வழியாக வெளியே போகும். நாம் பேசும் டூர்னிக்கெட் அகலமான பட்டை. ஒரு குச்சியைத் திருகி இறுக்குவது. சிரை, தமனி இரண்டையும் அடைத்துவிடும்.

எந்த மாதிரிக் காயத்துக்கு இதை எடுக்க வேண்டும்?

இதயத் துடிப்போடு சேர்ந்து இரத்தம் பீறிட்டு அடிக்கிறது. அல்லது நிற்காமல் ஓடித் தரையில் தேங்குகிறது. அழுத்திய துணி நனைந்து சொட்டுகிறது. கை அல்லது கால் துண்டாகிவிட்டது. அடிபட்டவர் வெளிறி, குளிர்ந்து வியர்த்து, பேச்சுக் குழறுகிறார். இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் கட்டலாம்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். தொடையில் ஓடும் பெரிய தமனி முழுதாக அறுந்தால் சில நிமிடங்களே கிடைக்கும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான்.

இரத்தத்தின் அளவை நம் பக்கத்துத் தரை ஏமாற்றிக் காட்டும், அதையும் கவனியுங்கள். வழவழப்பான ஆத்தங்குடிக் கல் மேல் ஒரு டம்ளர் இரத்தம் பரவினாலே கூடம் முழுக்க இரத்தமாகத் தெரியும். கருவேலங்காட்டுச் செம்மண்ணில் ஒரு லிட்டர் ஊறிப்போனாலும் ஒன்றும் தெரியாது. அடர்நிறக் கைலியும் அப்படித்தான், பிழிந்தால்தான் தெரியும். தரையைப் பார்த்து முடிவெடுக்காமல் காயத்தையும் ஆளின் முகத்தையும் பாருங்கள்.

கையால் அழுத்திப் பிடித்தால் போதாதா?

பெரும்பாலான காயங்களுக்குப் போதும். அரிவாள்மனையில் வெட்டியது, கண்ணாடி கிழித்தது, வண்டியிலிருந்து விழுந்து சிராய்த்தது எல்லாம் அழுத்தத்துக்கே நிற்கும். ஆனால் அழுத்துவதென்றால் துணியை மேலே வைத்துத் தொட்டுக்கொண்டிருப்பது இல்லை. ஆளைப் படுக்க வையுங்கள். இரத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறதோ அதே இடத்தில் மடித்த துணியை வைத்து, இரண்டு உள்ளங்கையும் சேர்த்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுக்கக் கூடாது. நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு நிமிடமும் தூக்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம், உறையத் தொடங்கியது அதிலேயே கலைந்துவிடும். துணி மேல் துணியாக அடுக்கிக்கொண்டே போவதிலும் பயனில்லை. மெத்தை பெரிதாகும், அழுத்தம் காயத்துக்குப் போய்ச் சேராது.

அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது அழுத்திக்கொண்டே உட்கார முடியாத நிலை என்றால் டூர்னிக்கெட். ஒரே ஆள் மூன்று பேரைப் பார்க்க வேண்டிய சாலை விபத்தில் அப்படி நேரும். கால் துண்டாகிவிட்டது, இரத்தம் பீறிடுகிறது என்றால் அழுத்திப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் நேராகக் கட்டிவிடலாம்.

மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு வைத்து அமுக்கலாமா?

வேண்டாம், ஆச்சி. சின்னக் கீறலுக்கு நீங்கள் வைத்தது காலங்காலமாக நின்றிருக்கும், ஏனென்றால் அது எதுவும் வைக்காவிட்டாலும் நின்றிருக்கும். தமனி அறுந்த இடத்தில் தூள் வைத்தால் இரத்தம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சத்தை அறுவை அரங்கில் ஒருவர் உட்கார்ந்து கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

எந்த இடத்தில் கட்டுவது?

காயத்துக்கு மேலே, அதாவது காயத்துக்கும் இதயத்துக்கும் நடுவில், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி. காயத்தின் மேலேயே கட்டக் கூடாது. முழங்கை, முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகளின் மேலும் கூடாது, எலும்பு தடுத்து தமனி நசுங்காது. காயம் மூட்டுக்கு ஒட்டியே இருந்தால் மூட்டைத் தாண்டி மேலே போய்க் கட்டுங்கள்.

இருட்டு, அல்லது துணியெல்லாம் இரத்தம், காயம் எங்கே என்றே தெரியவில்லை என்றால் தொடையின் மேல்பாகத்திலோ புயத்தின் மேல்பாகத்திலோ கட்டிவிடுங்கள். அவசரத்தில் உடுப்பின் மேலேயே கட்டலாம். பாக்கெட்டில் செல்போன், சாவிக்கொத்து, பீடிக்கட்டு எது இருந்தாலும் முதலில் எடுத்துவிடுங்கள், பட்டைக்கு அடியில் கட்டியாக ஏதாவது இருந்தால் இறுக்கம் சமமாக விழாது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தால் அந்த மடிப்பையும் அவிழ்த்துவிட வேண்டும்.

கடையில் வாங்கிய பட்டையை எப்படி மாட்டுவது?

பெரும்பாலான பட்டைகளில் ஒட்டும் வெல்க்ரோ நாடா, ஒரு குச்சி, குச்சியை மாட்ட ஒரு கொக்கி இருக்கும். அமெரிக்க ராணுவம் பயன்படுத்தும் கேட் (CAT) வகைப் பட்டைதான் அதிகம் அறியப்பட்டது, ஒன்றரை அங்குல அகலம். காலைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்து, வளையத்தில் நுழைத்து, பலங்கொண்ட மட்டும் இழுத்து ஒட்டுங்கள். பட்டைக்கு அடியில் விரல் நுனி நுழையக் கூடாது. அப்புறம்தான் குச்சியைத் திருக வேண்டும். இரத்தம் நிற்கும்வரை திருகி, குச்சியைக் கொக்கியில் மாட்டுங்கள்.

தப்பு நடப்பது முதல் இழுப்பில்தான். நாடாவைத் தொளதொளவென்று விட்டுவிட்டுக் குச்சியில் ஈடுகட்டப் பார்ப்பார்கள். மூன்று அரைச்சுற்றுக்கு மேல் திருக வேண்டியிருந்தால் நாடாவைச் சரியாக இழுக்கவில்லை என்று அர்த்தம். அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டுங்கள்.

இணையத்தில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகல்களை நான் நம்புவதில்லை. திருகும்போது பிளாஸ்டிக் குச்சி முறிந்தால் அந்த நொடியில் வேறு வழி தேட நேரமிருக்காது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? வலியில் கத்துகிறாரே?

கத்துவார். சரியாகக் கட்டிய டூர்னிக்கெட் காயத்தைவிட அதிகமாக வலிக்கும். சில நிமிடங்களில் "அவுத்து விடுங்கண்ணே" என்று கெஞ்சவும் செய்வார். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்கள், "பாவம், கொஞ்சம் தளர்த்திவிடுப்பா" என்பார்கள். அப்போது மனம் இளகினால் அவ்வளவுதான்.

அளவு ஒன்றே ஒன்று: காயத்திலிருந்து இரத்தம் நிற்க வேண்டும். நாடி பார்க்கத் தெரிந்தவர் மணிக்கட்டிலோ பாதத்தின் மேலோ தொட்டுப் பாருங்கள், அங்கே துடிப்பும் இருக்கக் கூடாது. இரத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்றால் இன்னும் திருகுங்கள். அதற்கு மேல் திருக முடியவில்லை என்றால் முதல் பட்டையை எடுக்காமல் அதற்கு மேலே ஒட்டினாற்போல் இரண்டாவது பட்டை கட்டுங்கள். கொழுத்த தொடைக்குப் பல நேரம் இரண்டு தேவைப்படும்.

அரைகுறையாகக் கட்டுவது கட்டாமல் விடுவதைவிட மோசம். சிரை மட்டும் அடைபடும், தமனி திறந்திருக்கும், இரத்தம் முன்னைவிட அதிகமாகக் கொட்டும். மேலே சொன்ன லேப் ரப்பர் கதைதான்.

பட்டை இல்லை, துண்டு மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கட்டு தயார் செய்யுங்கள்.

வேட்டி, பருத்திச் சேலை, துண்டு எதுவாக இருந்தாலும் சரி. கண்டாங்கிச் சேலையைக் கிழிக்க மனசு வராது, அன்றைக்குக் கிழித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு அங்குல அகலம் வரும்படி மடித்து, நீளமான பட்டையாக்குங்கள். காயத்துக்கு மேலே சுற்றி இழுத்து ஒரு முடிச்சு. முடிச்சின் மேல் விரல் தடிமனுள்ள, வளையாத, உடையாத ஒன்றை வையுங்கள். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கெட்டியான இரும்புக் கரண்டிக் காம்பு எல்லாம் ஆகும். பேனாவும் பென்சிலும் முறிந்துவிடும். அதன் மேல் இன்னொரு முடிச்சு போட்டு, இரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். நின்றதும் அந்தக் கம்பியின் ஒரு முனையை வேறொரு துணியால் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், கை எடுத்தால் சுழன்று அவிழ்ந்துவிடும்.

திருகும் குச்சி இல்லாமல் வெறும் துணியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தமனி அடைபடாது. இடுப்பு பெல்ட்டும் இதே காரணத்தால் உதவாது, விறைப்பாக இருப்பதால் திருகவும் வராது. நைலான் கயிறு, ஒயர், கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். மெல்லியதாக இருப்பதால் சதைக்குள் வெட்டி இறங்கும், நரம்பைக் கெடுக்கும், இரத்தமும் நிற்காது.

கட்டினால் கையோ காலோ போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பழைய முதலுதவிப் புத்தகங்கள் டூர்னிக்கெட்டைக் கடைசி வழி என்றே எழுதின. அந்தக் காலப் போர்களில் காயம்பட்டவரை மருத்துவரிடம் கொண்டுபோகவே பல மணி நேரமானது. கட்டு அப்படியே கிடந்து உறுப்பு செத்துப்போனது, பழி கட்டின் மேல் விழுந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படை மருத்துவர்கள் சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு பட்டை கொடுத்து, அடிபட்ட உடனே கட்டவைத்துப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் கூடினார்கள், கட்டினதாலேயே உறுப்பை இழந்தது மிக அரிது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் பொதுமக்கள் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டினார்கள். 2015-இல் அமெரிக்கா இதைச் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தரும் இயக்கத்தையே தொடங்கியது. கருவி ஒன்றும் புதிதில்லை, பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெத்தி திருகு வைத்த டூர்னிக்கெட்டைச் செய்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன.

எலும்பு மூட்டு அறுவை சிகிச்சையில் இன்றும் காலை ஒன்றரை, இரண்டு மணி நேரம் இறுக்கி வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம்வரை பொதுவாகப் பெரிய கேடு இல்லை. அதைத் தாண்டத் தாண்டத் தசைக்கும் நரம்புக்கும் ஆபத்து கூடும், ஆறு மணி நேரத்துக்கு மேல் நிலைமை மோசம். காரைக்குடிக்குச் சுற்றுப்பட்டில் எந்த ஊரிலிருந்தும் அங்குள்ள அரசுத் தலைமை மருத்துவமனைக்கு இந்த நேரத்துக்குள் தாராளமாகப் போய்விடலாம். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அப்படியே. மதுரைக்கே அனுப்பினாலும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். ஆனால் கட்டிய நேரம் இன்னது என்று அனுப்புகிற டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தளர்த்திவிட்டு மறுபடி கட்ட வேண்டுமா?

கூடாது. இதுவும் பழைய புத்தகத்து அறிவுரைதான். ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் உறைந்தது உடைந்து மறுபடி இரத்தம் போகும். கட்டினால் மருத்துவமனையில்தான் அவிழ்ப்பு. கட்டின் மேல் போர்வை போட்டு மூடாதீர்கள், கண்ணில் படும்படி இருக்கட்டும். நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ பேனாவால் எழுதுங்கள்: "கட்டு 4.10" என்று. கூடவே 108 ஊழியரிடமும் வாயால் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் இதே மாதிரி கட்டலாமா?

கட்டவே கூடாது. டூர்னிக்கெட் கற்றுத்தரும்போது எனக்கு இருக்கும் ஒரே பயம், யாராவது இதைப் பாம்புக்கடிக்குப் போட்டுவிடுவார்களோ என்பதுதான். விரியன் கடியில் விஷம் அந்த இடத்துச் சதையையே அரிக்கும். இறுக்கிக் கட்டினால் விஷமெல்லாம் அங்கேயே தேங்கிக் காலை அழுக வைக்கும். சட்டென்று அவிழ்த்தால் தேங்கியது மொத்தமாக உடம்புக்குள் பாயும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் கட்டு விஷத்தைத் தடுத்து நிறுத்தாது, மருந்து கிடைக்கும் நேரத்தைத்தான் தின்னும். செய்ய வேண்டியது: ஆளைப் பயப்படவிடாமல், நடக்கவிடாமல், கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. வேறு யாரோ ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும்.

மஞ்சுவிரட்டில் மாடு குத்தினால்?

சிராவயல், அரளிப்பாறை மாதிரி இடங்களில் கட்டுமாடுகளைப் பொட்டலில் அவிழ்த்து விடுவதால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் குத்துப்படுகிறது. கொம்பு பெரும்பாலும் தொடை, தொடையிடுக்கு, வயிறு என்று இறங்கும். நடுத்தொடை என்றால் மேலே டூர்னிக்கெட் கட்டலாம். தொடையிடுக்கில் அதற்கு இடமே இல்லை. அக்குளும் கழுத்தடியும் அப்படித்தான்.

அங்கே காயத்தை அடைக்க வேண்டும். சுத்தமான துணியோ மருந்துக்கட்டு வலைத்துணியோ (காஸ்) எடுத்து, விரலால் குழிக்குள் ஆழமாக, இரத்தம் வரும் பக்கமாகத் திணித்துக்கொண்டே போங்கள். குழி நிரம்பியதும் மேலே இரண்டு கையாலும் முழுப் பாரத்தோடு அழுத்துங்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அந்த அழுத்தம் விடக் கூடாது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் வேறு வழி இல்லை. வயிற்றிலும் நெஞ்சிலும் இப்படித் திணிக்கக் கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், ஈரத்துணியால் மூடிப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

கொம்புக் காயத்தின் வாய் சின்னதாக இருக்கும், உள்ளே கிழிசல் நீளும். "சின்னக் குத்துதான் மாப்ளே" என்று துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி பொட்டலுக்குள் இறங்கும் பையன்களைத் தடுத்து நிறுத்த ஒரு பெரியவர் வேண்டும்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடி உடைந்து கையில் குத்தி நிற்கிறது. பிடுங்கலாமா?

பிடுங்காதீர்கள். அந்தத் துண்டேதான் இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து அசையாமல் கட்டுங்கள். அப்படியும் இரத்தம் கொட்டினால் மேலே டூர்னிக்கெட். பூங்கல் செய்யக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் சாந்து ஊற்றுகிறோம், ஆகவே இந்தத் தொழிலில் பட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லது.

விரல் துண்டாகிவிட்டால்?

விரலுக்கு டூர்னிக்கெட் வேண்டாம், அழுத்தினால் நிற்கும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது.

அப்பச்சிக்குக் காலில் நரம்புச் சுருட்டல். அது வெடித்து இரத்தம் கொட்டினால் கட்டலாமா?

கட்ட வேண்டாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது சிரை இரத்தம். படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, வெடித்த இடத்தில் இரண்டு விரலால் அழுத்தினால் நின்றுவிடும். நிற்க வைப்பதும் நாற்காலியில் உட்கார வைப்பதும்தான் ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதிக நேரம் அழுத்த வேண்டும், மருத்துவமனையில் அந்த மாத்திரையின் பெயரையும் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு?

பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்குச் செய்வதுபோலவே கட்டலாம். கைக்குழந்தையின் கால் பட்டைக்கு மெல்லியது, நேராக அழுத்துவதே நல்லது. ஆனால் பெரியவர்களுக்குச் சின்னதாகத் தோன்றும் இழப்பே குழந்தைக்குப் பெரிது, காத்திருக்காதீர்கள்.

கட்டி முடித்தாயிற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை?

படுக்க வையுங்கள், போர்வை போர்த்துங்கள். வெயில் கொளுத்தினாலும் போர்த்துங்கள், இரத்தம் போன உடம்பு சீக்கிரம் குளிரும், குளிர்ந்தால் இரத்தம் உறைவது கெடும். சோடா, காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். 108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு கோயில், ஊருணி, பேருந்து நிறுத்தம் என்று ஒரு அடையாளமும் சொல்லுங்கள். உங்கள் கையில் அவர் இரத்தம் படாமலிருக்க உறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

ரோட்டில் கிடப்பவரைத் தொட்டால் போலீஸ் கேஸ் என்று அலைய வேண்டுமே?

இந்தப் பயமும் பழையது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தில் உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் குறிப்பிட்ட வரம்புவரை கட்டணம் இல்லை.

பட்டையை எங்கே வைத்துக்கொள்வது?

செயின்சாவோடு கருவேலம் வெட்டப் போகிறவர் இடுப்பில் வைத்திருக்க வேண்டும். டிராக்டரில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனால் இல்லாததற்குச் சமம். மரவாடியில் ரம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில், பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, மாட்டத் தயாராக மடித்துத் தொங்கவிடுங்கள். நம் வீடுகளில் முதலுதவிப் பெட்டியை இரண்டாம் கட்டு அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சென்னையில் இருக்கும் அண்ணனிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் உண்டு, அதை மட்டும் விட்டுவிடலாம்.

பழகுவதற்கென்று தனியாக ஒரு பட்டை வாங்குங்கள். பலமுறை திருகிய பட்டை நைந்துபோகும், அதை உண்மையான காயத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். காட்டில் தனியாக வேலை பார்ப்பவர் தன் கைக்குத் தானே, ஒரே கையால் கட்டிப் பார்க்க வேண்டும், இடது கையாலும்.